தாடைக்குக் கீழே

ஜனவரி 25, 1993, திங்கள்

நேற்று சாயங்காலம் அவர் மாடிப்படியில் வழுக்கி விழுந்துவிட்டார். இரண்டு கையும் மணிக்கட்டுக்கு மேலே முறிந்திருக்கிறது. தக்கலையில் எலும்பு டாக்டர் விரல்நுனி மட்டும் தெரிகிற மாதிரி முழங்கை வரைக்கும் மாவுக்கட்டு போட்டார். மார்ச் எட்டாம் தேதி வெட்டி எடுப்பார்களாம்.

“படியில என்ன கெடந்தது?” என்று டாக்டர் கேட்டார்.

“மழைத்தண்ணி” என்றேன். மழை பெய்து மாதம் ஒன்றாகிறது. அவர் கட்டிலில் படுத்தபடி என்னையே பார்த்தார். இல்லை என்று சொல்லவில்லை.

பெனிட்டாவை ஆஸ்பத்திரியிலிருந்தே என் தங்கச்சி கிறிஸ்டிபாய் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். மார்ச்சில் பிளஸ் டூ பரீட்சை. அங்கே என்றால் அமைதியாகப் படிக்கலாம். அதுதான் காரணம்.

ஜனவரி 27

பால்வாடிக்கு லீவு சொல்லிவிட்டேன். குளிப்பாட்டுவது, கக்கூசுக்குக் கூட்டிப்போவது, சோறு ஊட்டுவது எல்லாம் நான்தான். மத்தியானம் மீன்முள் ஒன்று சோற்றோடு போய்விட்டது. என் விரலைக் கடித்துவிட்டார். நகம் கறுத்துவிட்டது.

ஜனவரி 29, வெள்ளி

முகத்தில் தாடி முளைத்ததும் அவருக்கு வெறி பிடித்த மாதிரி ஆகிவிட்டது. பஸ் ஓட்டுகிற நாளெல்லாம் காக்கியில் மடிப்புக் கலையாமல், முகத்தில் ஒரு முடி இல்லாமல் போகிறவர். டிப்போவில் ‘மாப்பிள்ளை டிரைவர்’ என்றுதான் என் வீட்டுக்காரர் ரசலையனைச் சொல்வார்கள். பிளேடு போட்ட ரேசர் அவருக்கு ஆகாது, முகம் முழுக்கப் பரு கிளம்பிவிடும். திருவனந்தபுரத்தில் வாங்கின மடக்குக் கத்தி ஒன்று உண்டு. அதை வைத்துத் தானே செய்துகொள்வார்.

அழகியமண்டபத்தில் கடை வைத்திருக்கிற நாகப்பனைக் கூப்பிட்டு வந்தேன். பாதி கன்னம் முடியும் முன்னே, “கையில பலமில்லியாலே? பொம்பள தடவுத மாதிரி தடவுத!” என்று சொல்லி முட்டியால் அவன் இடுப்புக்குக் கீழே ஒரு உதை விட்டார். நாகப்பன் சுவரில் போய் முட்டினான். கத்தியைக் கையிலிருந்து அவன் விடவில்லை. முதலில் அதை மடக்கினான், அதற்குப் பிறகுதான் வலியில் குனிந்தான்.

“டீச்சர், இனி நான் வரமாட்டேன். கழுத்துல கத்தி இருக்கும்போ காலத் தூக்குத ஆளுக்கு யாரும் செய்ய முடியாது” என்றான்.

அவன் போனபின் அவர் சொன்னார்: “நீ படிச்சிட்டு வா. நீ செய்.”

“எனக்குப் பயமா இருக்கு.”

“அதனாலதான் ஒன்னச் சொல்லுதேன்” என்றார்.

ஜனவரி 30

மத்தியானம் கடையில் ஆள் இல்லாத நேரத்தில் போனேன். நாகப்பன் முதலில் மாட்டேன் என்றான். அப்புறம் என் விரல்நகத்தைப் பார்த்தான். ஸ்டூலை எடுத்துப் போட்டு உட்காரச் சொன்னான்.

தன் முகத்திலேயே செய்துகாட்டினான். வெந்நீர்த் துணியை முகத்தில் போட்டு முடியை நன்றாக ஊறவிட வேண்டும். நுரையைப் பிரஷ்ஷால் சுழற்றிச் சுழற்றித் தேய்க்க வேண்டும். இடது கையால் தோலை இழுத்துப் பிடிக்க வேண்டும், சுருக்கம் இருந்தால் அங்கே வெட்டும். கத்தியின் முதுகு முகத்தோடு கிட்டத்தட்டப் படுத்திருக்க வேண்டும், கொஞ்சமே கொஞ்சம் தூக்கல். முடி போகிற போக்கில் மட்டும் இழுக்க வேண்டும். அழுத்தக் கூடாது. கத்தியின் பாரமே போதும். ஒருநாளும் பக்கவாட்டில் நகர்த்தக் கூடாது.

“நகத்துறதுதான் வெட்டு, இழுக்கறது சவரம். வித்தியாசம் அவ்வளவுதான்” என்றான்.

கத்தி கைநழுவினால் பிடிக்கப் போகக் கூடாது, காலை இழுத்துக்கொண்டு விழவிட வேண்டும் என்றான். யாராவது பேசினால், வாசலில் கூப்பிட்டால், முதலில் மடக்க வேண்டும், அப்புறம்தான் திரும்ப வேண்டும். ஈரத்தோடு வைக்கக் கூடாது. தோல்வாரில் தீட்டும்போது கத்தியின் முதுகு முன்னே போக வேண்டும், வாய் முன்னே போனால் தோலும் போச்சு, கத்தியும் போச்சு.

அவன் கன்னத்தில் ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தேன். தோல் கீறாமல் முடி மட்டும் வந்தது. எனக்கே ஆச்சரியம்.

புறப்படும்போது சொன்னான்: “கோவம் இருக்குத அன்னைக்கு இத எடுக்காதீங்க டீச்சர். தாடி ஒரு நாள் வளந்துட்டுப் போட்டும்.”

ஜனவரி 31, ஞாயிறு

ஞாயிறு ஆராதனைக்குக் கோயில் மணி அடிக்கிற நேரம். பின்பக்க வராந்தாவில் நாற்காலி போட்டு, கழுத்தைச் சுற்றித் துண்டு கட்டினேன். முகத்தில் நுரை போட்டதும் அவர் ஒரு சின்னப் பிள்ளை மாதிரித் தெரிந்தார்.

“தலைய அசைக்காதீங்க” என்றேன்.

அசைக்கவில்லை.

கல்யாணமான நாளிலிருந்து நான் சொல்லி அவர் கேட்டது இது ஒன்றுதான். கன்னத்தை முடித்து தாடைக்குக் கீழே வந்தபோது தலையை நன்றாகப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். அந்த நேரத்தில் அவரால் பேச முடியாது. வீட்டில் அப்படி ஒரு சத்தமின்மை இருந்ததே இல்லை. பக்கத்து ரப்பர் தோட்டத்தில் காய்ந்த இலை விழுகிற சத்தம் கேட்டது.

ஒரு கீறல்கூட இல்லை.

பிப்ரவரி 4

இன்று இரண்டு கீறல். படிகாரம் வைத்தேன். நான் கத்தியை மடக்கித் துடைத்துப் பெட்டியில் வைக்கிற வரைக்கும் அசையாமல் இருந்தார். வைத்தபிறகு என் வயிற்றில் உதைத்தார்.

பிப்ரவரி 9

மாவுக்கட்டு கல் மாதிரி இருக்கிறது. கையில் வலி இருப்பதால் அவர் வீச மாட்டார் என்று நினைத்தது என் தப்பு. கஞ்சியில் உப்பு கூடிவிட்டது. குனிந்து கிண்ணத்தை எடுக்கும்போது வலதுகைக் கட்டால் வாயில் அடித்தார். முன்பல் ஒன்று பாதியாக உடைந்து கஞ்சிக்குள் விழுந்தது. அடித்த வலியில் அவரும் கத்தினார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் எதிரெதிரே நின்று வாயைப் பொத்திக்கொண்டிருந்தோம், அவர் கட்டின் நுனியால், நான் முந்தானையால்.

பக்கத்து வீட்டுக்காரர்களிடம் குழாயில் இடித்துக்கொண்டேன் என்றேன். அவர்கள் நம்பின மாதிரியே தலையாட்டினார்கள். எப்போதும் அப்படித்தான் ஆட்டுவார்கள்.

பிப்ரவரி 14, ஞாயிறு

டிப்போவிலிருந்து நாலைந்து பேர் ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்தார்கள். முகத்தைப் பார்த்து, “என்ன மாப்பிள்ள, கட்டுப் போட்டும் மினுக்கு கொறையலியே?” என்றார் கண்டக்டர் ஒருத்தர்.

“எல்லாம் எனக்க வீட்டுக்காரி கை. கழுத்துல கத்தி வச்சுட்டு ஆட்டுக்குட்டி மாதிரி நிப்பா” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் உடைந்த பல் தெரியாமல் வாயை மூடிக்கொண்டு சிரித்தேன். காப்பி போட்டுக் கொடுத்தேன்.

பிப்ரவரி 17

தாடை எலும்புக்குக் கீழே, காதுக்கு நேராக இறங்கி வந்தால் ஒரு இடத்தில் துடிப்பு தெரிகிறது. நாகப்பன் சொல்லித்தரவில்லை. விரலை வைத்துத் தோலை இழுக்கும்போது நானே கண்டது. ஒருநாள் பார்த்தால் மறுநாளும் கண் அங்கேதான் போகிறது.

இந்தக் கத்தியை நான் முதலில் தொட்டது ஜனவரி மாதத்தில் இல்லை. பெனிட்டா நாலாம் வகுப்பு படிக்கும்போது, அவருக்குத் தெரியாமல் என் அம்மாவைப் பார்க்கப் போய்வந்தேன். என் பின்னலைச் சுருட்டிப் பிடித்து இந்தக் கத்தியால்தான் அறுத்தார். பின்னங்கழுத்திலும் பட்டது. பேன் வந்தது, வெட்டிவிட்டேன் என்று எல்லாரிடமும் சொன்னேன். அன்றைக்குக் கத்தியைக் கழுவி வைக்கச் சொல்லி என்னிடமே நீட்டினார். கழுவி வைத்தேன்.

இன்று அந்தத் துடிக்கிற இடத்தில் கத்தியை வைத்துவிட்டு, இழுக்க மறந்து அப்படியே நின்றிருக்கிறேன். அவர் கண்ணைத் திறந்து பார்த்தார்.

“என்னட்டி?”

“ஒண்ணுமில்ல. நுரை காஞ்சுபோச்சு” என்றேன்.

பிப்ரவரி 19

இன்று கத்தியை எடுக்கவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 22, திங்கள்

சவரம் முடித்து முகத்தைத் துடைக்கும்போது சொன்னார்.

“மார்ச் எட்டுக்குக் கட்டு அவுக்காங்க. ஒனக்க மவள ஏழாந்தேதியே இங்க வரச் சொல்லு.”

“பரீட்சை இருக்கு.”

“பரீட்சையா? அவ எழுதமாட்டா. அப்பன மாடிப்படியில தள்ளிவிட்ட பிள்ளைக்கு எதுக்கு பரீட்சை?”

“நீங்க வழுக்கி விழுந்தீங்க” என்றேன்.

“ஒன்ன பெல்ட்டால அடிச்சிட்டு நின்னேன். பின்னால இருந்து ரெண்டு கையும் முதுகுல விழுந்துது. ஒனக்க கை எனக்குத் தெரியாதா? அது அவ கை.” அவர் சத்தம் போடவில்லை. கணக்குச் சொல்லித் தருகிற மாதிரி நிதானமாகச் சொன்னார். “ஊருல சொன்னா எனக்குத்தான் கேவலம். அதனால சொல்லல. கை வரட்டும். அவளுக்க ரெண்டு காலையும் அந்தப் படியிலயே வச்சு ஒடிப்பேன். ஒடிச்சிட்டு அதே டாக்டர்ட்ட நானே தூக்கிட்டுப் போவேன். வழுக்கி விழுந்துட்டான்னு சொல்லுவேன்.”

“நான்தான் தள்ளினேன்.”

சிரித்தார். “ஒனக்கு அந்த நெஞ்சு கெடையாது.”

அவர் சொல்வது அவர் பாடு. நான் ஜனவரி இருபத்தைந்தாம் தேதி எழுதினதை மாற்றி எழுதப் போவதில்லை.

பிப்ரவரி 24

இன்று கத்தி தாடைக்குக் கீழே இருக்கும்போது பேசினேன். அவருக்கு இல்லை, எனக்குத்தான் அந்த நேரத்தில் பேச வாய் வருகிறது என்று கண்டுகொண்டேன்.

“பிள்ளைய விட்டுருங்க. என்ன எது வேணும்னாலும் செய்யுங்க. அவள விட்டுருவேன்னு சொல்லுங்க.”

அவருடைய தொண்டை ஏறி இறங்கியது. கத்தி அதோடு ஏறி இறங்கியது.

“சொல்லுங்க.”

“சரி” என்றார், உதடு அசையாமல்.

“கர்த்தர் பேரால சொல்லுங்க.”

“கர்த்தர் பேரால.”

மிச்சத்தையும் வழித்து, முகம் துடைத்து, கத்தியை மடக்கி வைத்தேன். அவர் எழுந்து வந்து என்னைச் சுவரோடு நிறுத்தி, நெற்றியால் என் மூக்கில் மோதினார். இரண்டு தடவை. ரத்தம் ஜாக்கெட் முழுக்க.

“இப்பம் கேளு. கர்த்தர் பேரால கேளு” என்றார்.

இப்போது எனக்கு விளங்குகிறது. கத்தி விரிந்திருக்கிற வரைக்கும்தான் அவருடைய வாக்கு. ஆயுசு முழுக்க ஒருத்தர் கழுத்தில் கத்தியைப் பிடித்துக்கொண்டு நிற்க யாரால் முடியும்?

பிப்ரவரி 26

கிறிஸ்டி வந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் அழுதாள். பெனிட்டாவிடம் சொல்லாதே என்று சத்தியம் வாங்கினேன். அவளால் எதையும் மறைக்க முடியாது என்பது எனக்குத் தெரியும்.

மார்ச் 19, வெள்ளி

கிறிஸ்டி வீடு. நேற்று ஜாமீனில் வந்தேன். இந்த நோட்டைப் பெனிட்டா எடுத்து வைத்திருந்தாள். படிக்கவில்லை என்கிறாள். படித்திருப்பாள். இனி மறைக்க ஒன்றுமில்லாததால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பிப்ரவரி 28, ஞாயிறு காலை. அவர் நாற்காலியில் இருந்தார். நுரை போட்டு வலது கன்னம் முடித்திருந்தேன். முன்கதவு திறக்கிற சத்தம் கேட்டது. கத்தியை மடக்கிவிட்டுத் திரும்பினேன். பெனிட்டா நின்றுகொண்டிருந்தாள். கையில் ஒரு காலிப் பை.

“அம்மா, துணிய எடுங்க. போவோம்” என்றாள். அவரைப் பார்க்கவே இல்லை.

நான் “போ மக்ளே, ஓடு” என்று சொல்லி முடிக்கவில்லை. அவர் எழுந்துவிட்டார். பாதி முகத்தில் நுரையோடு வராந்தாவைத் தாண்டி இரண்டே எட்டில் அவளிடம் போய், இடதுகைக் கட்டால் தலையில் அடித்தார். காது மேலே தோல் பிளந்தது. அவள் சுவரைப் பிடிக்கப் பார்த்து, பிடிக்க முடியாமல் விழுந்தாள். அவர் அவள் நெஞ்சில் முட்டியை ஊன்றி உட்கார்ந்து, கட்டுப் போட்ட கையைக் குறுக்கே அவள் தொண்டையில் வைத்து, உடம்பின் பாரத்தை முழுக்க அதில் இறக்கினார்.

நான் முடியைப் பிடித்து இழுத்தேன். செம்பிலிருந்த வெந்நீரை அவர்மேல் கொட்டினேன், அந்தச் செம்பாலேயே முதுகில் அடித்தேன், தலையில் அடித்தேன். அவர் திரும்பவே இல்லை. “தள்ளுவியா, தள்ளுவியா” என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு பேய் பேசுகிற மாதிரி இல்லை. வண்டி ரிவர்ஸ் எடுக்கும்போது கிளீனர் சொல்வானே, வா வா வா என்று, அப்படி.

பெனிட்டாவின் கால் முதலில் தரையில் படபடவென்று அடித்தது. அப்புறம் மெதுவாக அடித்தது. அப்புறம் குதிகால் மட்டும் லேசாகத் தேய்த்தது.

கத்தி என் கையில்தான் இருந்தது. எப்போது விரித்தேன் என்று தெரியவில்லை. அவர் கழுத்து எட்டும் தூரத்தில் இருந்தது, இடது பக்கம் நுரையோடு. அந்தத் துடிப்பு இருக்கிற இடம் எனக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். அதையும் எழுதிவிடுகிறேன். நான் அதைப் பார்த்தேன். பிறகு குனிந்து, முட்டிபோட்டிருந்தவருடைய வலதுகாலைப் பிடித்து, குதிகாலுக்கு மேலே கயிறு மாதிரி விடைத்திருந்த நரம்பில் கத்தியை வைத்துப் பக்கவாட்டில் நகர்த்தினேன்.

தேங்காய் நார் அறுகிற மாதிரி ஒரு சத்தம். அவர் போட்ட கத்தலில் ரோட்டில் போகிறவர்கள் நின்றார்கள். பெனிட்டாவின் மேலிருந்து உருண்டார். எழுந்து நிற்கப் பார்த்தார். கால் நிற்கவில்லை. மறுபடியும் எழுந்தார், மறுபடியும் விழுந்தார். மூன்றாம் தடவை தவழ்ந்து அவளை நோக்கித்தான் போனார். நான் குறுக்கே உட்கார்ந்துகொண்டேன். பெனிட்டா இருமினாள். அந்த இருமலைப் போல இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை.

அதற்குப் பிறகுதான் அவர் காலைப் பார்த்தேன். தரையெல்லாம் ரத்தம். அவர் கழுத்தில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, மடித்து, வெட்டின இடத்தில் வைத்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தேன். அவர் மறுகாலால் என்னை உதைத்துக்கொண்டே இருந்தார். நான் விடவில்லை. ஆட்கள் வந்து ஜீப்பில் ஏற்றுகிற வரைக்கும் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஆஸ்பத்திரியில் இன்ஸ்பெக்டர் வந்தார். முதலில் அவரிடம் கேட்டார். நான் வாசலில் பெண் போலீஸ் ஒருத்தியோடு நின்றிருந்தேன், எல்லாம் காதில் விழுந்தது.

“யார் வெட்டினது?”

“யாரும் வெட்டல சார். சவரம் செய்யும்போ கத்தி கீழ விழுந்துது. நான் பாக்காம பின்னால கால் வச்சிட்டேன்.”

“பிள்ளைக்குக் கழுத்துல என்ன?”

“பயத்துல ஓடினா. கதவுல முட்டினா.”

எவ்வளவு சுலபமாகச் சொன்னார். பொண்டாட்டி வெட்டினாள் என்று சொல்வதைவிட நொண்டிக்கொண்டு திரிவது மேல் அவருக்கு. இன்ஸ்பெக்டர் வெளியே வந்து என்னைப் பார்த்தார்.

“உங்க வீட்டுக்காரர் சொல்றதுதானாம்மா நடந்தது? அப்படின்னா கேஸ் ஒண்ணும் இல்ல. கையெழுத்துப் போட்டுட்டு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்.”

வீட்டுக்கு. கூட்டிட்டு. கட்டு அவிழ இன்னும் ஒரு வாரம்.

கதவு வழியாக அவர் என்னைப் பார்த்தார். பாதி முகத்தில் நுரை காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது. ஆமாம் என்று சொல், என்று அந்தக் கண் சொன்னது. எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். குழாய், பேன், மழைத்தண்ணி, ஸ்டவ், கதவு. எனக்கு அது வாயில் தானாக வருகிற வார்த்தை.

“இல்ல சார். கத்தி விழல. நான்தான் வெட்டினேன்” என்றேன்.

“தெரிஞ்சுதான் சொல்றீங்களா? உள்ள போகணும்.”

“தெரியும். எம் பிள்ளையக் கொல்லப் பாத்தார், வெட்டினேன். எழுதுங்க. அதுக்கு முன்னால நடந்ததும் இருக்கு. அதையும் எழுதணும்.”

உள்ளேயிருந்து அவர் “பொய்! பொய் சொல்லுதா!” என்று கத்தினார். பெண் போலீஸ் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டாள். நான் உட்கார்ந்து, வாயைத் திறந்து உடைந்த பல்லைக் காட்டினேன். முடியை ஒதுக்கிப் பின்னங்கழுத்தைக் காட்டினேன். அப்புறம் பக்கத்து அறைக்குப் போய், அவளிடம் மட்டும் மிச்சத்தைக் காட்டினேன். அவள் எழுதுவதை நிறுத்தி நிறுத்தி எழுதினாள். கடைசியில், “இவ்வளவு காலமா யாருட்டயும் சொல்லலியா அக்கா?” என்று கேட்டாள்.

“கேட்டவங்க எல்லாருட்டயும் வேற சொன்னேன்” என்றேன்.

ஜெயிலைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. ராத்திரி தூங்கினேன்.

மார்ச் 23

பெனிட்டா காது மேலே தையலோடு பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறாள். நேற்று பிசிக்ஸ். குரல் இன்னும் கரகரப்புதான். வக்கீல் சொல்கிறார், பிள்ளையைக் காப்பாற்ற வெட்டினதால் கேஸ் நிற்காது, ஆனால் இழுக்கும் என்று. இழுக்கட்டும்.

அவருக்கு நரம்பைத் தைத்திருக்கிறார்களாம். கையில் கட்டு அவிழ்த்தாச்சு. அவருடைய அண்ணன் வந்து நெய்யாற்றின்கரைக்குக் கூட்டிப்போய்விட்டார். இனி கம்பு ஊன்றித்தான் நடக்க முடியும், பஸ் ஓட்ட முடியாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். கேட்டதும் எனக்குச் சந்தோஷம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. பரிதாபமும் வரவில்லை. அடுப்பில் பால் பொங்கியது, போய் இறக்கினேன்.

ஏப்ரல் 6, செவ்வாய்

பால்வாடியில் திரும்ப எடுத்துக்கொண்டார்கள், வேறு ஊர் சென்டரில். பிள்ளைகளுக்கு நான் புதிது என்பதால் பல்லைப் பற்றிக் கேட்டார்கள். “ஒருத்தர் அடிச்சார்” என்றேன். “அவர யாரு அடிப்பா?” என்று ஒரு வாண்டு கேட்டது. சத்துமாவு உருண்டை கொடுத்து உட்காரவைத்தேன்.

ஏப்ரல் 11, ஞாயிறு, ஈஸ்டர்

காலையில் கிறிஸ்டியும் பெனிட்டாவும் கோயிலுக்குப் போய்விட்டார்கள். வீட்டில் நானும் கிறிஸ்டியின் வீட்டுக்காரர் பொன்னையாவும்தான். அவர் முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் அடுக்களையில் பித்தளைக் குடத்தை இடுப்பிலிருந்து இறக்கும்போது கைதவறிவிட்டது. குடம் சிமெண்டுத் தரையில் விழுந்து, உருண்டு, கதவில் மோதி, வீடே அதிர்கிற மாதிரி ஒரு சத்தம். தண்ணீர் முன்னறை வரைக்கும் ஓடியது.

நான் சுவரோடு ஒட்டி நின்று இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டேன். முன்னறையில் நாற்காலி நகர்ந்தது. செருப்புச் சத்தம் அடுக்களை வாசல்வரை வந்தது.

“குடம் போச்சா? போட்டும் மைனி. கால் வழுக்கிரப்போவுது, பாத்து” என்றார் பொன்னையா. ஒரு பழைய சாக்கை எடுத்துத் தண்ணீரில் போட்டார். திரும்பிப் போய் உட்கார்ந்து பேப்பரை எடுத்துக்கொண்டார்.

நான் கையைத் தலையிலிருந்து எடுக்கக் கொஞ்ச நேரம் ஆனது. அப்புறம் அந்த ஈரத்திலேயே உட்கார்ந்து, கோயில் விட்டு அவர்கள் வருகிற வரைக்கும் அழுதேன்.